காய்ச்சல் விட்ட பிறகு

போர்க்காலத்தில் ஒரு மாரியில் எனக்கும் அக்காவுக்கும் ஒன்றாக டெங்கு வந்தது. திருகோணமலை நகரத்து ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில் தந்தார்கள். எங்களைக் கடித்த நுளம்பு இன்னொருவரைக் கடிக்கக் கூடாது என்பதற்காகப் பகலிலும் நுளம்பு வலையை இறக்கி விட்டிருந்தார்கள். வலையூடாகப் பார்த்தால் துறைமுகத் தண்ணீர் கொஞ்சமும் ஒரு கடற்படைப் படகும் தெரியும்.

அக்கா பால்குடிப் பிள்ளையை உப்புவெளியில் அத்தானிடம் விட்டு வந்திருந்தாள். பால் கட்டி, சட்டை நனைந்து, வலைக்குள் அழுதுகொண்டு கிடப்பாள். காய்ச்சல் எனக்குத்தான் கடுமை. எனக்கு ஏதும் நடந்துவிடும் என்றுதான் இருவரும் பயந்தோம்.

ஒரு காலை அக்காவுக்குக் காய்ச்சல் விட்டது. உடனே தலைமயிரை வாரி முடிந்து, பையைக் கட்டினாள். வாட்டில் எங்களைப் பார்த்த இளம் டொக்டர் மறித்தார்.

"இனித்தான் கவனமா இருக்க வேணும். போகாதேங்கோ."

"பிள்ளை பாலுக்குக் கத்துது டொக்டர். நான் போறன்."

தன் பொறுப்பில் போவதாகக் கையெழுத்து வைத்துவிட்டு அத்தானின் ஓட்டோவுக்காக வாசலில் நின்றாள். அப்போது சந்தைப் பக்கம் பெரிய குண்டுச் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் காயக்காரரைக் கொண்டுவந்தார்கள். பாதைகள் பூட்டப்பட்டன, போனும் வேலை செய்யவில்லை. அக்கா திரும்பி வந்து வாட்டுக் கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஜெயில்ல வச்ச மாதிரிக் கிடக்கு" என்றாள்.

மத்தியானம் தாண்ட அவளுக்கு வயிற்றுக்குத்து; குடித்த தண்ணீரும் சத்தியாக வெளியே வந்தது. பிறகு கூப்பிட்டாலும் கதைக்கவில்லை. தாதி பிரஷர் பார்த்துவிட்டு டொக்டரைக் கூப்பிட ஓடினார். என் கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. எட்டினால் தொடும் தூரத்தில் அக்கா கிடந்தாள். என்னால் எழும்ப முடியவில்லை.

வீட்டுக்குப் போக வழியில்லாத டொக்டர் அவளுடனேயே நின்றார். சேலைனைக் கூட்டுவதும் குறைப்பதும் நாடி பார்ப்பதுமாக நேரம் போனது. மறுநாள் அக்காவுக்குச் சிறுநீர் போனதும், இனிப் பயமில்லை என்று அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்தார்.

தேறி வீடு வந்தோம். கொஞ்சக் காலம் கழித்து அக்காவை மறுபடி காட்டப் போனபோது டொக்டர் விளக்கினார். வந்த அன்று எங்களிடம் எடுத்த இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பியிருந்தாராம்.

"உங்கட ரத்தத்தில வைரஸ் கனக்க இருந்திருக்கு. தங்கச்சிக்குக் குறைவு. தொடக்கத்தில கூட இருந்தால் நோய் கடுமையாகிறதுக்குச் சாத்தியம் கூட."

"அப்ப எனக்கேன் காய்ச்சல் கூட அடிச்சது?" என்று கேட்டேன்.

"காய்ச்சலை வச்சுச் சொல்ல ஏலாது. அக்காவுக்குக் கடுமையாகேக்க வைரஸ் குறையத் தொடங்கியிருக்கும். அதை எதிர்க்கிற வேகத்தில உடம்புதான் ரத்தக்குழாயைக் கசிய விடுறது. அதாலதான் காய்ச்சல் விடுற நேரம் பயம்." பிறகு அக்காவைப் பார்த்து, "வைரஸ் அளவு மட்டும் காரணமில்லை. முந்தி டெங்கு வந்த ஆக்களுக்கும் கடுமையாகலாம்" என்றார்.

முன்பு இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது அக்காவுக்கு ஒரு காய்ச்சல் வந்திருந்தது. அது என்னவென்று அன்று யாரும் பார்க்கவில்லை.

பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் வாய்விட்டேன்: "பாதை பூட்டினபடியாத்தான் நீ தப்பினனீ."

அக்கா தோளில் கிடந்த பிள்ளையைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "அண்டைக்குச் சந்தையில செத்த ஆக்களின்ர வீட்டை போய் இதைச் சொல்லு பாப்பம்."