கும்மிடிப்பூண்டியில் கலந்துபோன கிளாஸ்கள்

கும்மிடிப்பூண்டிக்கு அருகே நான் வந்த பஸ் பஞ்சராகி நிற்கிறது. எதிரே டீக்கடைக்காரர், பாய்லர் கொதித்தும் டீ ஆற்றாமல், பெஞ்சில் கவிழ்த்திருக்கும் கிளாஸ்களை முறைத்துக்கொண்டிருக்கிறார்.

சேரி ஆட்களுக்கு இங்கே தனி கிளாஸ், தனி ஓரத்தில். குடித்ததும் அவர்களே கழுவி வைக்க வேண்டும். இன்று அவர்கள் கடையிலுள்ள எல்லா கிளாஸையும் கழுவி, கலந்து அடுக்கிவிட்டார்கள். எல்லாம் ஒரே அச்சு. கழுவியவர்கள் கைகட்டி, பரம பவ்யமாக டீக்குக் காத்திருக்கிறார்கள்.

"கிளாஸ ஒடச்சிருந்தா போலீஸாண்ட போவலாம் சார்," என்கிறார் கடைக்காரர் என்னிடம். "கழுவி வெச்சதுக்கு இன்னான்னு கம்ப்ளைன்ட் குடுக்கறது?"

டிரைவருக்குப் பொறுமையில்லை. கைக்கு வந்த கிளாஸை எடுத்து நீட்டுகிறார். வேறு வழியில்லாமல் கடைக்காரர் அவருக்கு, எனக்கு, கைகட்டி நிற்பவர்களுக்கு என்று வரிசையாக ஊற்றுகிறார்.

டீ கழுநீர் மாதிரி இருக்கிறது. பாரபட்சமில்லாமல், எல்லோருக்கும்.