கூரைக்காரரிடம் கேட்டு வாங்கிய புரோப்பேன்

1. வெளிறிய வூர்ஸ்ட்

கிரில்லின் நெருப்பு ஊதினால் அணைந்துவிடும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. தட்டியில் அடுக்கிய பிராட்வூர்ஸ்ட் சொசேஜ்கள் எல்லாம் காய்ச்சல்காரர் போல வெளிறிக் கிடந்தன. சுவிஸில், ஆராவ் நகருக்கு வெளியே, பனி மூடிய காட்டுக் குடில் ஒன்றின் முற்றத்தில் நானும் என்னோடு வேலை செய்யும் செல்வம் அண்ணையும் நின்றோம். உள்ளே ஒரு கம்பனியே பசியோடு இருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. விருந்துகளுக்குப் போய் இறைச்சி சுட்டுக் கொடுக்கும் பார்ட்டி சர்வீஸ் ஒன்றில் எனக்கு வேலை. ராஜகுலசிங்கம் என்ற என் கணவரின் பெயரில் பாதியைக் கடித்துவிட்டு என்னை ஃப்ராவ் ராஜா, அதாவது திருமதி ராஜா, என்று அழைப்பார்கள். நவம்பர் வந்தால் எங்கள் செஃப், இங்கே முதலாளியை அப்படித்தான் சொல்வார்கள், கிரில்களைத் தார்ப்பாயால் மூடுவார். எங்களையும் வீட்டுக்கு அனுப்புவார். இங்கே தங்குவதற்கான பெர்மிட் புதுப்பிக்கப் போனால் வேலை இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள். ஒவ்வொரு மாரிக் குளிர்காலமும் "இப்போது இல்லை" என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

அந்த வருடம் நானே செஃப்பிடம் போனேன். அவரும் இங்குள்ளவர்களும் பேசுவது சுவிஸ் ஜெர்மன். என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும், அப்படியே எழுதுகிறேன்.

"செஃப், சனம் குளிருக்கையும் சாப்பிடுதுதானே? மாரியிலையும் சுடுவம்."

"ஒரேயொரு ஓடர் தாறன். அது சரிவந்தால் மாரி முழுக்க வேலை. பிழைச்சால் கிரில்லோட சேர்த்து உங்களையும் மூடுவன்."

அந்த ஒரேயொரு விருந்து ஓடர்தான் இப்போது கண்ணுக்கு முன்னால் அணைந்துகொண்டிருந்தது.

2. போத்தலைப் படுக்க வைக்கலாமோ?

"தங்கச்சி, கேஸ் முடிஞ்சுது," என்றார் செல்வம் அண்ணை. இன்னொரு போத்தலை, கேஸ் சிலிண்டரைத்தான் சொல்கிறேன், மாட்டினோம். கொஞ்ச நேரம் எரிந்துவிட்டு அதுவும் சுருங்கியது.

"இதுவும் முடிஞ்சுதோ? நான் தூக்கிப் பாத்துத்தானே ஏத்தினனான்!"

அங்கேதான் பிழை. அண்ணை கொழும்பில் ஹோட்டல் குசினியில் வேலை செய்தவர். அந்த வெக்கையில் நெருப்புக் குறைந்தால் போத்தல் வெறுமை என்று பொருள். கையால் தூக்கிப் பார்த்துப் பாரமானதை எடுத்தால் போதும். இங்கேயும் அப்படியே செய்துவிட்டார். நான் குளிருக்கென்று ஒதுக்கி வைத்த புரோப்பேன் போத்தல்கள் கொஞ்சம் பாவித்தவை, பாரம் குறைவு. அவற்றை விட்டுவிட்டு, கோடையில் மிஞ்சிய நிறை போத்தல்களை எங்கள் வான் வண்டியில் ஏற்றியிருக்கிறார். லேபிளில் பூட்டேன் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. விருந்துக்கு வெளிக்கிடும்போது நானும் எட்டிப் பார்க்கவில்லை.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். பூட்டேன் குளிர் சைபர் பாகைக்குக் கிட்ட வந்தாலே போத்தலுக்குள் திரவமாகப் படுத்துவிடும். ஆவியாகி மேலே வந்தால்தானே எரியும்? போத்தல் நிறைய இருந்தும் அடுப்புக்கு ஒன்றும் வராது. புரோப்பேன் அப்படியில்லை. இந்த நாட்டு மாரியிலும் அது ஆவியாகி வரும்.

அண்ணை போத்தலைக் கட்டிப்பிடித்தார். "படுக்க வைப்பம். கொழும்பில கடைசிச் சொட்டு மட்டும் அப்பிடித்தான் எடுக்கிறது."

"அண்ணை, கையை எடுங்கோ! படுக்க வைச்சால் திரவம் குழாய்க்குள்ள வரும். நெருப்பு மூஞ்சையில அடிக்கும்."

"அப்ப கொதிதண்ணி ஊத்துவமோ?"

"போத்தல் வெடிச்சால் ஆர் பொறுப்பு? பேசாம நில்லுங்கோ."

போத்தலிலிருந்து கையை எடுத்தார். அப்போதுதான் முற்றத்துக்கு அப்பால் நின்ற வான்களைப் பார்த்தேன். மேலே ஏணிகள் கட்டப்பட்டிருந்தன. வந்திருந்தது கூரை போடும் கம்பனி. தட்டைக் கூரையில் தார்த் தாளை உருக்கி ஒட்டுகிறவர்கள், மாரியிலும் வேலை செய்கிறவர்கள். அவர்களிடம் என்ன கேஸ் இருக்கும்?

"அண்ணை, உள்ள போய்க் கேக்கப் போறன்."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "விருந்துக்கு வந்த சனத்திட்டை அடுப்பெரிக்கக் கேஸ் கேக்கிறதோ? மானம் போகும், தங்கச்சி!"

"வூர்ஸ்டைப் பச்சையாக் குடுத்தால் இருக்குமோ மானம்?"

3. என்ர ரெகுலேட்டர்

எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. எங்கள் வீடுகளில் உப்பு முடிந்தாலும் விருந்தாளி காதில் விழாமல் பார்த்துக்கொள்வோம். கதவைத் திறந்தேன், எல்லாரும் சாப்பாடு வருகிறது என்று திரும்பினார்கள்.

"மன்னிக்கோணும். உங்கட வானில புரோப்பேன் இருக்கோ?"

குடிலே அதிரச் சிரித்தார்கள். பெரிய மீசை வைத்த அவர்களுடைய முதலாளி எழுந்தார். "எங்களுக்குத்தான் லீவு எண்டு நினைச்சன். கேஸுக்கு லீவு கிடைக்காது போல!"

அவரே போத்தலைத் தூக்கி வந்தார். கூரைத் தாள் உருக்கும் பர்னரின் ரெகுலேட்டர் அதிலேயே மாட்டியிருந்தது. அப்படியே கிரில் குழாயைப் பொருத்தக் குனிந்தார்.

"வேண்டாம்," என்றேன். "அது கூரைக்கான கூடின அமுக்கம். என்ர கிரில்லுக்கு என்ர ரெகுலேட்டர்தான்."

"நாங்கள் தினமும் பாவிக்கிற சாமான், ஃப்ராவ்."

"தெரியும். ஆனால் இது கூரை இல்லை."

அண்ணை பின்னால் நின்று என் ஜாக்கெட்டை இழுத்தார். கேஸ் தந்த மனிதரோடு வாக்குவாதம்! நான் அசையவில்லை. அவருடையதைக் கழற்றி என்னுடையதை மாட்டினேன். மூட்டில் சவர்க்காரத் தண்ணீர் பூசி, கேஸ் கசிந்து குமிழி வராததைப் பார்த்த பிறகுதான் பற்றவைத்தேன்.

நீல நெருப்பு வரிசையாக எழுந்தது. தட்டி சூடேறி, வூர்ஸ்ட் வெடித்துக் கொழுப்புச் சொட்டி மணக்கத் தொடங்கியதும் கூரைக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கடைசியில் விருந்தே முற்றத்துக்கு வந்துவிட்டது. பனிக்குள் நின்று, கடுகும் பியருமாக எல்லாவற்றையும் முடித்தார்கள்.

திங்கட்கிழமை செஃப் கூப்பிட்டார். "கூரைக்காரர் ஃபோன் பண்ணினவர். கேஸ் கேட்டதையும் சொன்னவர்."

இனி வீட்டுக்குத்தான் என்று ஜாக்கெட்டை எடுத்தேன்.

"வாற மாசம் இன்னொரு ஓடர் தந்திருக்கிறார். ரெகுலேட்டரை மாத்தாமல் பத்தவைக்க மாட்டன் எண்ட மனிசிதான் வரோணுமாம்." செஃப் மேசையைத் தட்டினார். "மாரி முழுக்க வேலை இருக்கு, ஃப்ராவ் ராஜா."

எவ்வளவு பெருமையாக இருந்தது! இன்றும் இருக்கிறது, ஏன் மறைக்க வேண்டும்? அந்தக் கதையைச் செல்வம் அண்ணை போகிற இடமெல்லாம் "நாங்கள் துணிஞ்சு கேட்டனாங்கள்" என்றே சொல்லித் திரிந்தார். சொல்லட்டும். அதன்பிறகு அவரும் லேபிள் வாசிக்காமல் ஒரு போத்தல் தூக்கியதில்லை.

குளிரில் கிரில் பிடிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: புரோப்பேனை எடுங்கள், போத்தலை நிமிர்த்தி வையுங்கள், இல்லாததைக் கேட்க வெட்கப்பட்டாலும் கேளுங்கள். கேட்டு வாங்கிவிட்டோம் என்பதற்காகத் தெரிந்ததை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அந்தத் திங்கட்கிழமை பிற்பகல் களஞ்சிய அறைக்குப் போனேன். செஃப் கிரில்லை மூடுவதற்கு வாசலில் எடுத்து வைத்திருந்த தார்ப்பாயை, மடிப்புக் கலைக்காமல் மேல்தட்டில் ஏற்றினேன். அடுத்த நவம்பரிலும் அதை யாரும் கீழே இறக்கவில்லை.