இடது பக்கத்து இண்டிகேட்டர்

என் கார் என்னைவிட நான்கு வயது மூத்தது. அதன் இண்டிகேட்டர் விளக்குகள் எரியுமா என்று கேட்டவர்களிடமெல்லாம் எரியும் என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். பொய்யில்லை. பகலில் பின்னால் போய்க் குனிந்து, இரண்டு கையாலும் வெயிலை மறைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தால் எரிவது தெரியும். திருமுல்லைவாயலிலிருந்து ஆவடி போகும் சாலையில் பின்னால் வருகிறவர்கள் யாரும் அவ்வளவு சிரமப்பட முன்வரவில்லை.

அதனால் வலது பக்கம் திரும்ப என் கை, இடது பக்கம் திரும்ப என் மனைவியின் கை. ஆறு வருடமாக இதுதான் ஏற்பாடு. அவள் ஆவடியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். என் ஆபீஸ் அம்பத்தூர் எஸ்டேட்டில். இரண்டும் எதிரெதிர்த் திசை. ஆனாலும் காலையில் அவளை இறக்கிவிட்டுத்தான் ஆபீஸ் போவேன். பெண்டாட்டி மேல் எவ்வளவு அக்கறை என்று எங்கள் ஃபிளாட்டில் எனக்கு நல்ல பெயர். உண்மையில் காரை வெளியே எடுக்க எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை இறக்கி, திருப்பம் வருவதற்கு முன்பே கையை நீட்டுவாள். நாற்பது பிள்ளைகளை அடக்கிப் பழகிய கை. லாரியே நிற்கும்.

மழைக்காலம் தொடங்கும் நேரத்தில் ஒருநாள் காலை, அண்ணனூர் பக்கம் அவள் அப்படிக் கையை நீட்டியபோது ஒரு பைக்குக்காரன் இடது பக்கமாகவே முந்தினான். அவன் வண்டியின் கண்ணாடி அவள் மணிக்கட்டில் அடித்தது. இரண்டு வளையல் உடைந்தது. பார்த்துக் கையை நீட்டச் சொல்லுங்கள் என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். நான் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி ஓடி, இடது கதவைத் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை என்றேன். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அந்த நேரத்தில் எனக்கு அதில் எதுவும் தப்பாகத் தெரியவில்லை.

மறுநாள் அவள் மின்சார ரயிலுக்கு மூன்று மாத சீசன் டிக்கெட் எடுத்துவிட்டாள். சண்டை கிடையாது, அழுகை கிடையாது. ஏன் என்று கேட்டதற்கு, "ரயில்ல கைய நீட்ட வேண்டியதில்ல" என்றாள்.

நான் கம்ப்யூட்டரில் மென்பொருள் எழுதுகிறவன். ஒருவர் ஒரு குறையைச் சொன்னால் அதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டு சரிசெய்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். விளக்கு மங்கலாக இருக்கிறது, அதனால் கை நீட்ட வேண்டியிருக்கிறது, அதனால் அவள் வருவதில்லை. எல்இடி பல்பு போட்டால் விளக்கு பளிச்சென்று தெரியும், கை மடியில் இருக்கும், அவளும் பக்கத்து சீட்டுக்கு வந்துவிடுவாள். அவள் இல்லாமல் அந்த சீட் எனக்குப் பிடிக்கவில்லை. இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். பல்பு ஆர்டர் செய்தேன்.

பழைய கார் வைத்திருக்கிறவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நானும் உண்டு. யோசனை கேட்டதுதான் தாமதம், ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். பழைய பல்பின் மென்மையான வெளிச்சத்தில்தான் அந்தக் காரின் ஆன்மா இருக்கிறது என்று ஒருவர் நீளமாக எழுதினார். அவருடைய கார் நான்கு செங்கல் அடுக்குகளின் மேல் நிற்கிறது. எந்தப் பக்கமும் திரும்ப வேண்டிய அவசியம் அதற்கு வந்து பல வருடம் ஆகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங்கில் உட்கார்ந்து நானே நான்கு பல்பையும் மாற்றினேன். சுவிட்சைத் தட்டினால் எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. மின்னவில்லை. பழைய காரில் விளக்கை விட்டு விட்டு எரிய வைக்க ஒரு சின்னத் தகரக் குப்பி உண்டு. கரண்ட் ஓடிச் சூடானால்தான் அது வேலை செய்யும். எல்இடி இழுக்கிற கரண்டில் அதற்குச் சூடே ஏறவில்லை. சரி என்று அதற்கும் புதிதாக ஒன்று வரவழைத்தேன். அடுத்த ஞாயிறு வாட்ச்மேனைப் பின்னால் நிறுத்திச் சோதித்தேன். இடது பக்கம் போட்டுவிட்டு இடது பக்கம் மின்னுகிறதா என்றேன். அவர் இடது விளக்கைப் பார்த்து மின்னுகிறது என்றார். வலது பக்கமும் அப்படியே. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற மனிதர். நானும் கேட்க வேண்டியதைக் கேட்கத் தெரியாதவன். நல்ல ஜோடி.

திங்கட்கிழமை எஸ்டேட் சாலையில் ஆபீஸ் பக்கம் திரும்ப இடது இண்டிகேட்டரைப் போட்டுப் பெருமையாக வளைத்தேன். பின்னால் வந்த ஷேர் ஆட்டோ என் கதவுக்கு ஒரு சாண் தள்ளிக் கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னா சார், நேரா போறேன்னு நாலு லைட்டையும் போட்டுகினு லெஃப்ட்ல வளைக்கிற? உள்ள ஆறு பேரு கீறாங்க."

நான் இடது பக்கம் மட்டும்தான் போட்டேன் என்று வாதாடினேன். அவர் இறங்கிப் பார்க்கும்படி கையைக் காட்டினார். இறங்கிப் பார்த்தேன். நான்கு விளக்கும் கல்யாண மண்டப வாசல் போல மின்னிக்கொண்டிருந்தன.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நான்கும் சேர்ந்து மின்னினால் வண்டி பழுது என்று அர்த்தம், சாலை விதிப் புத்தகத்தில். எங்கள் சிக்னல்களில் அதற்கு நேரே போகிறேன் என்று அர்த்தம். யார் கொண்டுவந்தார்கள், எப்போது கொண்டுவந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் எல்லோரும் கடைப்பிடிக்கிறார்கள். திரும்பும்போது விளக்குப் போடச் சோம்பல்படுகிறவர்கள், ஒன்றுமே செய்யாமல் நேரே போவதற்கு நான்கு விளக்குப் போடுவார்கள். ஆக, அன்று என் கார் எந்தப் பக்கம் திரும்பினாலும் நேரே போகிறேன் என்று பளிச்சென்று பொய் சொல்லிக்கொண்டிருந்தது. பழைய மங்கலில் அது ஒன்றும் சொல்லாமலாவது இருந்தது.

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் கடை. வயர்களுக்கு நடுவே டீ குடித்துக்கொண்டிருந்தவர் நான் சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிட்டார். டேஷ்போர்டில் இண்டிகேட்டருக்கென்று இருக்கும் ஒரே ஒரு சின்ன பல்புதான் காரணமாம். அதற்குச் சொந்தமாக எர்த் கிடையாது, எதிர்ப்பக்கத்து விளக்குகள் வழியாகத்தான் எர்த் ஆகிறது. அப்படிக் கசிகிற கரண்ட் பழைய பல்புக்குப் போதாது. எல்இடிக்கு அதுவே தாராளம். இதை மதிய வேளை முழுக்க, இரண்டு டீக்கு இடையில், அவர் விளக்க நான் மாணவனைப் போலக் கேட்டேன். அந்தச் சின்ன பல்புக்குத் தனி எர்த் கொடுத்து, கரண்ட் ஒரு பக்கம் மட்டும் போகும்படி இரண்டு டையோடு வைத்துக் கட்டினார். கிளம்பும்போது, "லைட்டு சூப்பரா கீது சார். பாக்குறவன் பாக்கணும், அவ்ளோதான்" என்றார். தொழில்காரர் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

மனைவியைக் காரில் ஏற்ற நானாக ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. பூந்தமல்லியில் அவள் பள்ளி டீச்சர் ஒருவரின் வீட்டுக் கல்யாணம். பூந்தமல்லிக்கு மின்சார ரயில் கிடையாது. பட்டுப்புடவையோடு பஸ்ஸில் தொங்க முடியாது. காரைத் துடைத்து, முன்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அவள் பின்கதவைத் திறந்து பின்சீட்டில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் டேஷ்போர்டு பல்பையும் டையோடையும் பற்றி அவளுக்கு விளக்கினேன். வாடகைக் கார் டிரைவர் பேசுவதைப் போலக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

டிரங்க் ரோட்டிலிருந்து மண்டபத்துக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். வந்தது என் நேரம். இண்டிகேட்டரைப் போட்டேன். இடது பக்கம் மட்டும், ஆரஞ்சு நிறத்தில், அரை கிலோமீட்டருக்குத் தெரியும்படி மின்னியது. பின்னால் வந்த பைக்குகள் அந்த வெளிச்சத்தில் வழி பார்த்துக்கொண்டு இடது பக்கமாகவே ஒவ்வொன்றாகப் போயின. ஒரு ஷேர் ஆட்டோவும் போனது. ஒரு டேங்கர் லாரி ஹாரன் அடித்தது. நான் பாதி வளைந்தபடி நின்றேன்.

பின் ஜன்னலிலிருந்து அவள் கை வெளியே வந்தது. அடிபட்ட அதே கை. எல்லாம் நின்றது. டேங்கரும் நின்றது. நான் திரும்பினேன்.

மண்டபத்துக்குச் சற்று முன்னாலேயே வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

"லைட்டு நல்லாத்தாங்க இருக்கு. லைட்டுக்காகவா நான் ரயில்ல போறேன்?" என்றாள். பிறகு, குரலை உயர்த்தாமல், "அன்னைக்கு இறங்கினதும் நீங்க கதவத்தான பாத்தீங்க."

வலித்ததா என்று கேட்டேன். கிட்டத்தட்ட மூன்று மாதம் கழித்துக் கேட்கிறேன் என்பது கேட்கும்போதே தெரிந்தது.

"இப்பவும் போர்டுல எழுதும்போது புஸ்தகத்த இந்தக் கையில பிடிக்க முடியல. மேஜையில வெச்சிட்டு எழுதறேன்."

எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்குத் தெரியாது. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சுண்டைக்காய் பல்பு எந்த வழியாக எர்த் ஆகிறது என்று தெரியும். அவமானமாக இருந்தது. மன்னித்துவிடு என்றேன். கல்யாணத்துக்கு நேரமாகிறது என்றாள்.

திரும்பி வரும்போது முன் சீட்டில் உட்கார்ந்தாள். முதல் இடது திருப்பத்தில் அவள் கை பழக்கத்தில் கண்ணாடிப் பக்கம் போனது. வேண்டாம் என்றேன். விளக்கைப் போட்டுவிட்டு, பின்னால் வருகிற அத்தனை வண்டியும் போகட்டும் என்று நின்றேன். எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். ஒருவர் என் குடும்பத்தையே விசாரித்துவிட்டுப் போனார். சாலை காலியான பிறகு திரும்பினேன். வீடு வரை ஒவ்வொரு இடது திருப்பத்திலும் அப்படித்தான். அரை மணி நேரத்தில் வர வேண்டிய தூரத்துக்கு ஒன்றே கால் மணி நேரம் ஆனது. அவள் இரண்டு கையையும் மடியிலேயே வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை நான் சாவியை எடுத்துக்கொண்டு கீழே வந்தபோது அவள் ஸ்டேஷனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சீசன் டிக்கெட் இன்னும் பத்து நாள் இருக்கிறது என்றாள்.