ஹவாய் விருந்தும் அன்னாசித் தட்டும்

எண்பதுகளின் கடைசியில், லண்டன் லூயிஷாமில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. வீடு சின்னது. ஆனால் பின்பக்கம் ஒரு துண்டுத் தோட்டம் இருந்தது. அந்தத் தோட்டத்தை நம்பித்தான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

அப்போது ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் எனக்கு வேலை. என் பக்கத்தில் நின்று உருளைக்கிழங்கு உரித்தவள் ஒரு ஹவாய்க்காரி. ஆங்கிலேயர் ஒருவரைக் கல்யாணம் கட்டி இங்கே வந்தவள். யாழ்ப்பாணத்துக்காரியான எனக்கும் பசிபிக் கடல் நடுவிலிருந்து வந்த அவளுக்கும் பேச்சு ஒட்டியது தேங்காய்ப்பாலில்தான். அது இல்லாமல் எங்கள் இருவருக்கும் சமையல் இல்லை. லண்டனில் எனக்கென்று இருந்த ஒரே சினேகிதி அவள்.

அந்தக் கோடையில் அவள் முகம் வாடத் தொடங்கியது. மத்தியானச் சாப்பாட்டைக் கையால் தொடமாட்டாள். அம்மாவிடம் போய்ச் சில காலம் இருந்தால் நல்லது என்று அடிக்கடி சொன்னாள். எனக்குப் பகீரென்றது. போனால் இவள் திரும்பி வருவாளா? இது ஊர் நினைப்பில் வந்த வாட்டம், ஊர்ச் சாப்பாடு உள்ளே போனால் தெளிந்துவிடும் என்று நானாகவே முடிவு கட்டினேன். அவர்களுடைய ஊர் விருந்துக்கு லுவாவ் என்று பெயர். அதை எங்கள் தோட்டத்திலேயே வைப்போம் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் அதில் முழுப் பன்றியைக் குழிக்குள் வைத்து மூடி அவிப்பார்கள் என்று தெரிந்தது. என் கணவர் கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டார்.

"பன்றியைத் தாட்டு அவிக்கிறதோ? பக்கத்து வீட்டுக்காரன் பொலிசுக்கெல்லோ போன் அடிப்பான்!"

பன்றி இறைச்சி அவளுடைய வீட்டு ஓவன் அடுப்பில் வேகட்டும், மற்றதெல்லாம் என் பொறுப்பு என்று சமாதானம் ஆனது. அதற்குப் பிறகு எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. லுவாவ் என்பது முதலில் சேம்பு இலையின் பெயராம். நம்முடைய சேம்புதான்! லூயிஷாம் சந்தையில் ஜமெய்க்காக்காரர் கடையில் இலையும் கிழங்கும் அள்ளிக்கொண்டு வந்தேன். சரியாக வேகாவிட்டால் தொண்டை அரிக்கும் என்று அவள் எனக்குச் சொல்லித்தர வாயெடுத்தாள். அது எனக்குத் தெரியாதா என்ன? கோழித் துண்டுகளைச் சேம்பு இலையில் பொதிந்து, இடியப்பம் அவிக்கிற பானையிலேயே அவித்தேன். தேங்காய்ப்பாலைக் காய்ச்சித் துண்டு போடுகிற ஒரு இனிப்பும் செய்தேன். கிழங்கை மசித்துப் புளிக்கவைத்த களிக்கு அவர்கள் உயிரையே விடுவார்களாம். நான் செய்து வைத்ததை நக்கிப் பார்த்த என் மச்சாள், "ஊசிப்போன கஞ்சி மாதிரிக் கிடக்கு" என்று தீர்ப்புச் சொன்னா.

மாலையில்லாமல் லுவாவ் இல்லை. சந்தையில் கார்னேஷன் பூ வாங்கி ஊசி நூலில் நானே கோத்தேன். நம்முடைய மாலை மாதிரி இரண்டு நுனியையும் தொங்கவிடச் சொன்னார் என் கணவர். அவள் காட்டிய படத்தில் மாலை வட்டமாக இருந்தது. அவளுடைய ஊர் முறைதான் வேண்டும் என்று அவரை அதட்டி, நுனிகளைச் சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டேன்.

அன்றைக்கு லண்டன் வானத்துக்கு என்ன வந்ததோ, மழையே எட்டிப் பார்க்கவில்லை. புல்லில் பாய் விரித்து, வாழையிலை பரப்பி, நடுவில் அன்னாசியும் பப்பாப்பழமும் வெட்டிக் குவித்திருந்தேன். சமையலறைப் பெண்கள் பூப்போட்ட சட்டையில் வந்தார்கள். எங்கள் பெண்கள் சேலையில் வந்தார்கள். பாட்டும் சிரிப்புமாகத் தோட்டம் அமளிப்பட்டது.

நான் மட்டும் என் சினேகிதியின் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சேம்பு இலைப் பொதியை அவிழ்த்தாள், மணந்து பார்த்தாள், தள்ளி வைத்தாள். பன்றியைத் திரும்பியும் பார்க்கவில்லை. அன்னாசியை மட்டும் ஒரு தட்டில் அள்ளி வைத்துத் துண்டு துண்டாகத் தின்றுகொண்டிருந்தாள். எனக்கு அழுகை வராத குறை. சரி, மாலை விழுந்தால் முகம் மலரும் என்று, அவளுடைய கணவரின் கையில் மாலையைக் கொடுத்துப் போடச் சொன்னேன்.

அவர் மாலையைத் தூக்கினார். அவள் சட்டென்று இரண்டு கையையும் நீட்டித் தடுத்தாள்.

அந்த மனுசன் மாலையும் கையுமாக விழித்தார். அவள் மெல்ல என்னிடம் கத்தரிக்கோல் கேட்டாள். ஒன்றும் புரியாமல் கொடுத்தேன். நான் போட்ட முடிச்சைக் கறுக்கென்று வெட்டினாள்! எனக்கு வந்ததே கோபம். விடியலிலிருந்து விரல் நோகக் கட்டின மாலை அது. நான் கட்டினதில் என்ன பிழை என்று எல்லோருக்கும் முன்னால் ஆங்கிலத்தில் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

வெட்டிய மாலையைத் தானே கழுத்தில் போட்டு, நுனிகளைத் தொங்கவிட்டாள். பிறகு சொன்னாள். கொடுத்த மாலையை மறுப்பது அவர்கள் ஊரில் பெரிய மரியாதைக் குறைவாம். ஆனால் வயிற்றில் பிள்ளை இருப்பவள் வட்ட மாலை போடக் கூடாதாம். போட்டால் கொப்பூழ்க் கொடி பிள்ளையின் கழுத்தைச் சுற்றுமாம். என்னிடம்தான் சொன்னாள். ஆனால் பார்த்தது கணவரை.

அந்த ஆறடி மனுசன் புல்லில் அப்படியே குந்திவிட்டார். போன வருடம் ஒரு பிள்ளை தங்காமல் போனதில் அவர் உடைந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் மூன்று மாதம் தாண்டட்டும் என்று இந்த முறை அவரிடமே மூச்சு விடாமல் இருந்திருக்கிறாள். அம்மாவிடம் போக ஆசைப்பட்டதும் அதற்குத்தான். மூன்று பெற்ற எனக்கு அது பிடிபடவில்லை, பாருங்கள்! நான் அவளைக் கட்டிப்பிடித்துக் கத்தினேன். சமையலறைப் பெண்கள் கை தட்டினார்கள்.

அந்த ஆரவாரத்துக்குள் என் மச்சாளின் குரல் கேட்டது.

"ஐயோ, பிள்ளைத்தாச்சிக்கு அன்னாசியோ!"

பாய்ந்து வந்து அவளுடைய தட்டைப் பறித்தா. இன்னொருத்தி பப்பாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினா. கருவைக் கலைக்கும் என்று நாங்கள் தொட விடாத இரண்டு பழங்களையும் குவித்து வைத்து, அவளுக்கு முன்னால் தள்ளியவள் நான்தான். விஷயத்தைச் சொன்னதும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுடைய அம்மா அன்னாசி தகரத்தில் அடைக்கிற தொழிற்சாலையில் வேலை செய்தவ. இவள் பிறக்கும் வரைக்கும் அன்னாசியாகவே தின்றவ. சொல்லிச் சிரித்தவள் எங்கள் முகங்களைப் பார்த்தாள். சிரிப்பை நிறுத்தினாள். வாயில் போட எடுத்த கடைசித் துண்டை என் உள்ளங்கையில் வைத்தாள்.

பிறகு எனக்குப் பல மாதம் சரியான நித்திரை இல்லை. அவளிடம் சொல்லாமல் சிவன் கோவிலில் நேர்த்தி வைத்தேன். மாசிக் குளிரில் ஒரு பெண் குழந்தை குறையொன்றுமில்லாமல் பிறந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். குழந்தையை என் கையில் தந்துவிட்டு அவள் முதலில் கேட்ட கேள்வி, "இனி அன்னாசி சாப்பிடலாமா?" என்பதுதான். அத்தனை மாதமும் ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லையாம். அவளுக்கு அதில் துளி நம்பிக்கையும் கிடையாது. நான் பயப்படுவேனே என்று விட்டிருக்கிறாள்.

வெட்டின மாலைக்காக நான் அவளிடம் சத்தம் போட்டது அப்போதுதான் நெஞ்சில் குத்தியது. இன்றைக்கும் ஒரு பெண்ணுக்கு மாலை கட்ட உட்கார்ந்தால், அவள் எந்தப் பயத்தை மறைத்துக்கொண்டு வருகிறாளோ என்று நினைத்து, நுனி இரண்டையும் முடியாமல் விட்டுவிடுகிறேன்.