இடப்பக்கக் கதவின் கிளிப்புகள்

இதை நம்புமாறு எவரையும் நான் வற்புறுத்த மாட்டேன். பல்லாண்டுகள் இலக்கணம் கற்பித்தவன். இல்லாததை உண்டென்று எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. என் வலக்கைப் பெருவிரலில் நகம் இன்னும் முழுதாக முளைக்கவில்லை. அது ஒன்றே என் சாட்சி.

என் ஒரே தங்கைக்கு நானே பார்த்து முடித்த மாப்பிள்ளை அவர். உடன்பிறவாத தம்பியாகவே அவரை எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு, அவர் போற்றிப் பாதுகாத்த பழைய காரில் போய்க்கொண்டிருந்தபோதுதான் என் தங்கை இறந்தாள்.

"நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டா மச்சான். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள... தூங்குற மாதிரி அப்படியே போயிட்டா."

அவர் கண்ணீரை நான் துடைத்தேன். என் கண்ணீரை அவர் துடைத்தார்.

சில மாதங்களில் அந்தக் காரையே கொண்டுவந்து என் வீட்டில் விட்டார்.

"அவ ஞாபகமா நீங்களே வெச்சுக்குங்க. இடப்பக்கக் கதவு மட்டும் உள்ளேருந்து திறக்காது. ரொம்ப வருஷமாவே அப்படித்தான்."

அந்தக் கதவின் உள்அட்டை தொளதொளவென்று ஆடிக்கொண்டிருந்தது. அட்டையைக் கதவுத் தகட்டோடு பிடித்து நிறுத்தும் சிறு பிளாஸ்டிக் கிளிப்புகள் அத்தனையும் ஒடிந்திருந்தன. மற்றக் கதவுகளில் ஒன்றுகூட ஒடியவில்லை. தங்கை அமர்ந்த இடம். என் கையாலேயே சீர்செய்ய விரும்பினேன்.

உதிரிபாகக் கடைக்காரர் உடைந்த கிளிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நெம்பி எடுத்தா முழுசா வரும் சார். இது யாரோ வெறுங்கையால பிச்சு எடுத்திருக்காங்க."

அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

"இத்தனை வருஷம் பசங்க காதைத் திருகினது பத்தாதா? இப்ப காருக்கா?" என்று என் மனைவி சிரித்தாள்.

மாலை. நல்ல மழை. கொட்டகையில் ஓட்டுநர் பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்தியிருந்தேன். இடப்பக்க இருக்கையில் அமர்ந்து, கதவைச் சற்றே திறந்து வைத்துக்கொண்டு, புதுக் கிளிப்புகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையால் அழுத்தினேன். டக். டக். அட்டை கச்சிதமாகப் படிந்தது.

ஆறு பத்துக்கு மின்சாரம் நின்றது.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

காற்று என்றே நினைத்தேன். ஆனால் காற்று இல்லை... மழை நேராகத்தான் பெய்துகொண்டிருந்தது. கண்ணாடியை இறக்கும் கைப்பிடியை வேலைக்காகக் கழற்றி வெளியே வைத்திருந்தேன்.

ட...க்.

என் முழங்காலருகே ஒரு கிளிப் தெறித்தது.

சரியாக அழுத்தவில்லை போலும் என்று அதை மீண்டும் அழுத்தினேன். அதற்கு மேலிருந்தது தெறித்தது. பிறகு அடுத்தது. அட்டை மூலையிலிருந்து பிரிந்து என்னை நோக்கி வந்தது.

யாரோ இழுக்கிறார்கள்.

வெளியிலிருந்தல்ல... என் பக்கத்திலிருந்து.

குனிந்து பார்த்தேன். அட்டையின் விளிம்புக்குள் விரல்கள் நுழைந்திருந்தன. வெறி பிடித்தவை போல் இழுத்துக்கொண்டிருந்தன.

என் விரல்கள்.

நான் இழுக்கவில்லை.

டக்... டக்... டக்...

நகம் பெயர்ந்தது. வலிக்கவில்லை. அட்டைக்குப் பின்னிருந்த தார்க்காகிதத்தைக் கிழித்துக்கொண்டு என் கை கதவின் உட்குழிவுக்குள் போனது. எதையோ தேடியது. துழாவியது. கிடைக்கவில்லை.

மறுபடியும் துழாவியது.

மூச்சு இரைத்தது... என்னுடையதல்ல.

கதவு வெளியிலிருந்து திறந்தது.

கையில் டார்ச்சுடன் என் மனைவி நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

"ஏங்க அப்படிக் கத்தினீங்க?"

"நான் வாயே திறக்கலையே."

"அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு. 'வண்டியை நிறுத்துங்க, வண்டியை நிறுத்துங்க'ன்னு..." அவள் தயங்கினாள். "பொம்பளைக் குரல்."

கார் அசையாமல் நின்றிருந்தது. அதன் சக்கரங்களுக்குக் கல் வைத்தவன் நானே.

மறுநாள் காலை, மாப்பிள்ளைக்கு அந்தக் காரை வழக்கமாகப் பழுதுபார்த்த மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் திறந்துகிடந்த கதவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்:

"கம்பி இல்லாம எப்படி சார் திறக்கும்? உள் கைப்பிடியையும் பூட்டையும் சேர்க்குற கம்பி. நான்தான் கழட்டினேன்."

"அது ரொம்ப வருஷம் முன்னாடியா?"

"இல்ல சார். அதுவரைக்கும் நல்லாத்தான் திறந்துச்சு. அம்மா தவறினாங்களே, அதுக்கு முந்தின வாரம். ஐயாதான் நேர்ல வந்து கழட்டச் சொன்னார்."

"என்ன காரணம் சொன்னார்?"

"வேறென்ன சார், வண்டி ஓடும்போது குழந்தை கதவைத் திறந்துடுதுன்னார்."

என் தங்கைக்குக் குழந்தை பிறக்கவே இல்லை.