ஒருசந்தி முடியாத வருடம்

எங்கள் வீட்டில் எடை பார்க்கும் மெஷின் திருஇருதயப் படத்துக்குக் கீழே இருந்தது. பக்திக்கும் அதற்கும் தொடர்பில்லை. கோச்சடையில் நாங்கள் இருக்கும் வீட்டில் தரை சமமாக இருப்பது அந்த ஒரு இடத்தில்தான். மற்ற இடங்களில் மெஷின் ஆடும். ஆடினால் கூடுதலாகக் காட்டும் என்பது என் நம்பிக்கை. காலையில் ஜெபம் முடித்து ஓரடி முன்னால் வைத்தால் ஏறி நின்றுவிடலாம். எண் குறைந்திருந்தால் நல்ல நாள். கூடியிருந்தால் வீட்டில் யாருக்கும் நல்ல நாள் இல்லை.

மாலையில் ஆற்றோர ரோட்டில் நடப்பேன். இரண்டு பஜ்ஜி தின்றிருந்தால் பாலம் வரை, கல்யாணச் சாப்பாடு என்றால் பாலம் தாண்டி. அபராதம் கட்டுவது போலத்தான் நடந்தேன். பகலில் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குச் சரிவிகித உணவுப் பாடம் நடத்தினேன்.

வருடத்தில் எனக்குப் பிடித்த காலம் தவக்காலம். அந்த நாட்களில் ஒரு வேளை மட்டும் வயிறாரச் சாப்பிடுவதை நாங்கள் ஒருசந்தி என்போம். கோயிலில் கேட்பது இரண்டு நாள்தான், தொடக்கத்துச் சாம்பல் புதனும் கடைசியில் பெரிய வெள்ளியும். நான் நாற்பது நாளும் இருப்பேன். ஈஸ்டருக்குள் ரவிக்கையில் ஒரு தையல் உள்ளே போகும். "அக்கா, முகமெல்லாம் ஒட்டிப்போயி எம்புட்டு பக்தி தெரியுது" என்பார்கள் ஆசிரியர் அறையில். நான் அடக்கமாகச் சிரிப்பேன்.

போன வருடம் சாம்பல் புதனன்று என் மகள், "நானும் நாப்பது நாளும் இருக்கேம்மா" என்றாள். பதினாறு வயது, பிளஸ் ஒன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பூசை முடிந்து வாசலில் நின்ற எல்லோரிடமும் சொன்னேன். உபதேசியார் மறைக்கல்வி வகுப்பில் அவளை எடுத்துக்காட்டாகச் சொன்னார்.

ஈஸ்டர் வந்தது. ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தேன். அவள் தட்டில் வெள்ளரிக்காய் இருந்தது.

"ஈஸ்டர் தாயி, கறி சாப்பிடு" என்றார் என் கணவர்.

"எனக்கு ஒருசந்தி இன்னும் முடியலப்பா."

"சாமியே எந்திரிச்சுட்டாரு, உனக்கு முடியலயா?"

அவள் சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். அவளுக்கு வைத்த கறியை எடுத்துப் பிரிட்ஜில் வைத்தேன். என்ன மன உறுதி, எனக்கு இது வரவில்லையே என்றுதான் அப்போது நினைத்தேன். இதை எழுதக் கை கூசுகிறது.

மே மாதம் வாடிப்பட்டியில் என் தங்கை மகன் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்து. பந்தலில் வந்தவர்கள் எல்லாம் என் மகளைத் தொட்டுப் பார்த்தார்கள். "இம்புட்டு அழகா இளைச்சிருக்கு, என்னக்கா குடுக்குறீங்க?" என்று கேட்டாள் தங்கை. ஒன்றும் கொடுக்கவில்லை என்பதுதான் சரியான பதில். அதைப் பெருமையாகவே சொன்னேன். மகள் இலையில் வைத்ததைத் தள்ளித் தள்ளி வைத்துவிட்டு எழுந்து கை கழுவினாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏற, மகள் எழுந்து இடம் கொடுத்தாள். சமயநல்லூர் நிறுத்தத்தில் பஸ் நின்ற குலுக்கலில் கம்பியைப் பிடித்திருந்த அவள் கை நழுவியது. அப்படியே மடங்கி என் காலடியில் விழுந்தாள். கண்டக்டர் விசில் ஊதினார். யாரோ சோடா வாங்கிவர ஓடினார்கள். கைக்குழந்தைக்காரி என் மகள் கன்னத்தைத் தட்டியபடியே கேட்டாள்.

"ஏக்கா, பிள்ளை காலைல சாப்பிட்டுச்சா?"

"சாப்பிட்டா" என்றேன்.

சாப்பிடவில்லை. எனக்குத் தெரியும். முந்தின நாள் இரவும் சாப்பிடவில்லை, அதுவும் தெரியும். ஆனால் அந்தப் பெண் முன்னால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அடுத்து, "ஏன், பெத்தவ என்ன பண்ணுன?" என்று கேட்பாள். மகளுக்கு அதற்குள் கண் திறந்திருந்தது. நான் சொன்ன பொய்யை அவள் கேட்டாள்.

டாக்டர் ரத்தம் எடுத்தார், நாடி பார்த்தார், பிறகு பேனாவை மூடிவிட்டு, "வீட்டுல வேற யாராவது டயட்ல இருக்காங்களா?" என்றார்.

"இல்ல டாக்டர். நான் தவக்காலத்துல மட்டும்."

மகள் பஸ்ஸில் விழுந்த பிறகு அப்போதுதான் முதன்முதலாகச் சிரித்தாள். "அம்மாவுக்கு வருசம் பூராவும் தவக்காலந்தான் டாக்டர்."

அவளுக்கு மருந்தும் வாராவாரம் ஆலோசனையும் எழுதிக்கொடுத்தார். எங்களுக்கும் சில விதிகள் சொன்னார். மூன்று வேளையும் சேர்ந்து சாப்பிட வேண்டும். அவள் எவ்வளவு சாப்பிடுகிறாள் என்று எண்ணக் கூடாது. சாப்பிடும்போது சாப்பாட்டைப் பற்றியோ உடம்பைப் பற்றியோ பேசக் கூடாது. இந்தக் கடைசி விதி வந்த பிறகுதான் எனக்குப் பேச வேறு விஷயமே இல்லை என்பது தெரிந்தது. முதல் வாரம் மூவரும் எதிர்வீட்டு நாயைப் பற்றியே பேசினோம். இரண்டாவது வாரம் அந்த நாய்க்கு எங்களைப் பிடித்துவிட்டது.

மெஷினைக் கணவர் எடுத்துப்போனார். இப்போது அது மாடிப்படிக்குக் கீழே, பழைய பேப்பர் எடை போட. பேப்பர்காரர் முதல் தடவை அதைப் பார்த்து, "என்னண்ணே, நம்பிக்கை இல்லயா?" என்று வருத்தப்பட்டார். திருஇருதயப் படத்துக்குக் கீழே தரையில் சதுரமாக ஒரு தடம் இருக்கிறது. துடைத்தாலும் போகவில்லை. ஜெபம் முடிந்ததும் என் கால் இன்றும் அதன் மேல் ஏறி நிற்கிறது. ஒன்றும் காட்டாது.

நடப்பதை மட்டும் விடவில்லை. டாக்டர் சரி என்று சொன்ன பிறகு மகளும் கூட வருகிறாள். கொத்தமல்லி வாங்க, செருப்புத் தைக்க என்று ஏதாவது ஒரு வேலையாகத்தான் போவோம். வேலை முடிந்தால் திரும்பிவிடுவோம். பாலம் வரை போக வேண்டியதில்லை என்பது எனக்கு இன்னும் புதிதாக இருக்கிறது.

இந்த வருடம் தவக்காலம் நெருங்கியது. பங்குச்சாமியாரிடம் போய் நின்றேன்.

"என்ன டீச்சர், இந்தத் தடவை தண்ணிகூடக் குடிக்காம இருக்கப் போறீங்களா?" என்றார்.

நடந்ததைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"பிள்ளைக்குப் பதினெட்டு ஆகல, அதுக்குக் கடமையே இல்ல. உங்களுக்கு நான் அனுமதி தாரேன், கூட உக்காந்து சாப்பிடுங்க." வாசல் வரை வந்து, "இதையும் பூசை முடிஞ்சு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு நிக்காதீங்க" என்றார்.

சாம்பல் புதன் காலையில் முதல் பூசைக்குப் போய் வந்தோம். நெற்றியில் சாம்பலோடு மேஜையில் உட்கார்ந்தேன். எதிரே மகள், அவள் நெற்றியிலும் சாம்பல். நடுவில் இட்லி. இத்தனை வருடம் சாப்பிடாமல் இருந்ததில் ஒரு நாளும் எனக்கு இவ்வளவு சிரமமாக இருந்ததில்லை. முதல் இட்லியைப் பிட்டு வாயில் வைத்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, முழுங்கிட்டியா?"

"முழுங்கிட்டேன்."

"பாவம் ஒண்ணும் வந்துரலையே?"

"நாயைப் பத்திப் பேசு" என்றேன்.

அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு பேசத் தொடங்கினாள். எதிர்வீட்டு நாய் குட்டி போடப் போகிறதாம். மூன்று இட்லி சாப்பிட்டாள். நான் எண்ணவில்லை, தெரிந்துவிட்டது. சாப்பிட்டு அவள் சட்டென்று எழுந்தபோது தாங்கிப் பிடிக்க என் கை தானாக நீண்டது. அதில் காலித் தட்டை வைத்துவிட்டு, கை கழுவப் போனாள்.