புல்வெளியில் இறங்கிய விமானம்

அம்மாக்கண்ணு இலங்கை மலைநாட்டு வட்டவளையிலிருந்து பட்டிப்பொலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கணவன் ஆண்டியப்பன் மண்சரிவில் போனபிறகு, கொழுந்து பறித்தும் ஒரு பசுவை வைத்துக்கொண்டும் இரண்டு பெண்பிள்ளைகளை ஆளாக்கிவந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து மாடுகளையெல்லாம் தோட்டத்துக்கு மேலேயிருந்த புல்வெளிக்கு ஓட்டிப்போவது அவள் பொறுப்பு.

1961இல் ஒரு ஞாயிறு பிற்பகல். பள்ளத்தாக்கு முழுவதும் பனிமூட்டம் ஏறிவிட்டது. மேலே புல்வெளி மட்டும் தெளிந்திருந்தது. மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு சிறிய விமானம் வெளிப்பட்டு, தலைக்கு மேலே தாழ்வாக வட்டமடித்தது. போய்விடும் என்று பார்த்தாள். திரும்பவும் வந்தது. இரண்டாம் வட்டத்தில் எந்திரம் இருமியது, பிறகு அடங்கிவிட்டது. அந்த அமைதியில்தான் அவளுக்கு விஷயம் புரிந்தது. அது இறங்கத்தான் இடம் தேடியிருக்கிறது. நடுவெளியில் மாடுகள் நிற்கின்றன.

தோளில் கிடந்த கம்பளியை உருவி வீசிக்கொண்டே ஓடினாள். மாடுகள் மிரண்டு ஓரத்துக்கு ஓடின. அவளுடைய பசுவின் கன்று மட்டும் எழுந்திருக்கவில்லை. அதை இழுக்கத் திரும்பியவள், காற்றைக் கிழித்துக்கொண்டு விமானம் நேரே வருவதைக் கண்டாள். கன்றைக் கட்டிக்கொண்டு தரையோடு படுத்துவிட்டாள்.

விமானம் சட்டென்று ஒருபக்கமாகத் திரும்பி, ஓரத்துக் கானில், தண்ணீர் வடியும் பள்ளத்தில் விழுந்து, இறக்கை ஒடிந்து நின்றது.

உள்ளே ஒரு வாலிபன், தோள் தொங்க உட்கார்ந்திருந்தான். நெருப்புப் பிடித்துவிடும் என்ற பயத்தில் அவனை அவசரமாக வெளியே இழுத்தாள்.

"மெதுவா, அக்கே," என்றான் அவன், தோட்டத்துத் தமிழில். "நெருப்புப் பிடிக்காது. உள்ளே ஒரு சொட்டு பெட்ரோல் இல்ல."

அவள் கூப்பிட்ட குரலுக்கு லயத்திலிருந்து பக்கத்து வீட்டு மாயாண்டியும் இன்னும் சிலரும் ஏறிவந்தார்கள். பலகையில் கிடத்தி, அவளுடைய கம்பளியைப் போர்த்தி, தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். அங்கிருந்து நுவரெலியாவுக்குக் கொண்டுபோனார்கள்.

தோள் எலும்பு கூடியபின் அவன் அந்தக் கம்பளியை வெளுத்து எடுத்துக்கொண்டு லயத்தில் அவள் குடியிருந்த ஒற்றையறைக் காம்பராவுக்கே வந்தான். பெயர் ஜயசேன, ஊவாப் பக்கத்துத் தோட்டமொன்றில் சின்னதுரை, அதாவது உதவி நிர்வாகி. துரைமார் யாரும் அந்த வாசலில் உட்கார்ந்ததில்லை. அவன் உட்கார்ந்தான். நாகலெட்சுமி, மூத்தவள், தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

"தப்பு என்னோடது," என்றான். "கூட்டாளியோட விமானம். கொழும்புப் பக்கம் ரத்மலானையில இருந்து வந்து சேர்றதுக்கு எவ்வளவு பெட்ரோல் வேணும்னு மட்டும் பார்த்தேன். மூட்டத்துல வழி தேடிச் சுத்தணும், வேணும்னா திரும்பிப் போகணும், அதுக்கு வைக்கல்ல. நீங்க மாட்டை விரட்டல்லைன்னா நான் இல்ல. நன்றி சொல்ல வந்தேன்."

இத்தனை நாளும் அவனைத் தேடிப்போய்ச் சொல்ல வழியில்லாமல் அம்மாக்கண்ணு மனத்தில் வைத்திருந்த நன்றியை அவன் முந்திக்கொண்டு சொல்லிவிட்டான்.

"நேரா வந்திருந்தா உங்களுக்கு அடிகூடப் பட்டிருக்காதுங்க தொரை. பள்ளம்னு தெரிஞ்சேதானே திருப்புனீங்க? இந்த ரெண்டு புள்ளைங்களுக்கும் என்னைய விட்டா யாருமில்ல. நாங்கதான் ஒங்களக் கும்புடணும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "யோசிக்க நேரமில்ல, அக்கே. ஆள் தெரிஞ்சிச்சு, கை திருப்பிருச்சு."

"அந்தக் கை நல்லா இருக்கணுங்க," என்றாள் அவள்.

அதன்பிறகும் அவன் பறப்பதை விடவில்லை. ஆனால் பெட்ரோல் பாதி குறைந்தபோது வழி தெளியாவிட்டால் திரும்பிவிடுவதாகப் பின்னொருமுறை வந்தபோது சொன்னான். நாகலெட்சுமியின் கல்யாணத்துக்கு மனைவியோடு வந்து, பந்தியில் மாயாண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் சூடம் ஏற்றும்போது, மகள்களின் பெயரோடு அவன் பெயரையும் சேர்த்துச் சொல்வது அம்மாக்கண்ணுவுக்குப் பழக்கமாகிவிட்டது. "செயசேனா" என்றுதான் அவள் வாயில் வரும்.